மட்டிப் பழம் தேடி நாகர்கோவிலுக்கு

என் மகளுக்கு ஏழாம் மாதம். திட உணவு கொடுக்கத் தொடங்கியிருந்தோம். தெருமுனைக் கடையில் ஏலக்கிப் பழம் வாங்கி வந்து, கரண்டியால் மசித்து ஊட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அத்தை, "பிள்ளைக்கு மட்டி குடுக்கணும் மக்களே, இது மட்டியில்லை" என்றார். குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. ஊர் நினைவு வரும்போது அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்துவிடும். அந்தக் குரலில் சொன்னார்.

அத்தை கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாறு பக்கம் பிறந்தவர். கல்யாணமாகி 1979-ல் சென்னைக்கு வந்தார். அவர் பேச்சில் மட்டி என்ற சொல் எத்தனையோ முறை வந்திருக்கிறது. நான்தான் ஏதோ ஒரு சின்ன வாழைப்பழம் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் தஞ்சாவூர்க்காரி. எங்கள் பக்கம் பூவன், ரஸ்தாளி, மொந்தன், பேயன் என்று ஊரெல்லாம் வாழைதான். ஆனால் மட்டியை நான் கண்ணால் பார்த்ததில்லை. கோயம்பேட்டில் இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

கைக்குழந்தையை விட்டுவிட்டு அப்போது கிளம்ப முடியவில்லை. அவளுக்கு ஒன்றரை வயதான பிறகு, ஆனி மாதத்தில் இரண்டு நாள் விடுப்பு எடுத்தேன். குழந்தையைக் கணவரும் அத்தையும் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. அத்தைக்கு முழங்கால் வலி, அதனால் அவரால் வர முடியவில்லை. வியாழன் மாலை எழும்பூரில் ரயில் ஏறினேன். 700 கிலோமீட்டருக்கு மேல் பயணம். விடியும்போது ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. அதைத் தாண்டியதும் மண்ணும் மரமும் சட்டென்று வேறாகிவிடுகின்றன. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நனைக்கும் மாவட்டம். 1956-ல் தமிழ்நாட்டோடு சேரும் முன் திருவிதாங்கூர் நிலம். சாப்பாட்டிலும் பேச்சிலும் அந்தப் பழக்கம் இன்னும் இருக்கிறது.

முதல் நாளே தவறு செய்தேன். அறையில் பையை வைத்துவிட்டு வெளியே வந்தால், கடைக்குக் கடை முகப்பில் முழு வாழைக்குலைகள் கயிற்றில் தொங்குகின்றன. குட்டையாக, தடித்த கொம்பு போல ஒன்று. செக்கச்செவேலென்று இன்னொன்று. பார்த்துக்கொண்டே போனவள் ஒரு கடையில் நின்று, "சின்னப் பழம், மட்டி இருக்கா?" என்று கேட்டேன். இருக்கிறது என்று சொல்லி ஒரு சீப்பை வெட்டி நிறுத்துத் தந்தார்கள். அந்த ஊரில் டஜன் கணக்கு கிடையாது, வாழைப்பழமும் கிலோவில்தான். அறைக்குப் போய் உரித்துச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கோ சாப்பிட்ட ருசியாகத் தெரிந்தது. படம் எடுத்து அத்தைக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் அழைப்பு வந்துவிட்டது. "இது ரசகதலியாக்கும் பிள்ளே. மட்டி இப்படி வரிசையா இருக்காது."

ரசகதலி என்பது நாம் சென்னையில் ஏலக்கி என்று வாங்கும் அதே பழம். இரவெல்லாம் ரயிலில் வந்து, வீட்டுத் தெருமுனையில் கிடைப்பதையே வாங்கியிருக்கிறேன். கடைக்காரர் வேண்டுமென்று ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. "சின்னப் பழம்" என்று முதலில் சொன்னது நான்தான். அதனால் போகிறவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது பெயர்களைத்தான். அங்கே ஏத்தன் என்றால் நேந்திரன். செந்துளுவன் என்றால் செவ்வாழை. பாளையங்கோட்டன் என்றால் நமது பூவன். ரசகதலி என்றால் ஏலக்கி. மட்டிக்கு மட்டும் வேறு பெயர் நான் கேள்விப்படவில்லை. "மட்டி" என்று மட்டும் கேளுங்கள். "சின்னது", "மாதிரி" என்ற சொற்களைச் சேர்க்க வேண்டாம்.

மறுநாள் காலை ஆறரைக்கெல்லாம் வடசேரி கனகமூலம் சந்தைக்குப் போய்விட்டேன். வடசேரி பேருந்து நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. மொத்த வியாபாரம் பார்க்க விரும்புகிறவர்கள் அப்டா மார்க்கெட்டுக்கும் போகலாம், ஆனால் ஒரு சீப்பு, இரண்டு சீப்பு வாங்கவும் நின்று பேசவும் வடசேரிதான் வசதி. தூறல் விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. மீன், கீரை, மரச்சீனிக் கிழங்கு எல்லாம் தாண்டி உள்ளே போனால், அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா சாக்கு விரித்து நான்கு வகைப் பழங்களைப் பரப்பியிருந்தார். இந்த முறை நான் எதையும் கைகாட்டவில்லை. "அம்மா, இதில் எது மட்டி?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் ஒரு குலையைத் தூக்கிக் காட்டினார். பார்த்ததும் புரிந்துவிட்டது. மற்ற வாழைகளில் காய்கள் சீப்புப் பற்கள் போல ஒழுங்காக அடுக்கியிருக்கும். மட்டியில் ஒவ்வொரு காயும் ஒவ்வொரு பக்கம் திரும்பி நிற்கிறது. "காத்தடிச்சுக் கலச்சுப் போட்ட மாதிரி கெடக்கும் பாத்தியளா, அதாக்கும் மட்டி" என்றார். பழம் விரல் அளவுதான். நுனி கூம்பி, கிளி அலகு போல லேசாக நீண்டிருக்கிறது. தோல் மிக மெல்லியது. ஒன்றைக் காம்பிலிருந்து எடுத்து என் கையில் வைத்தார். உரிக்கும் முன்பே மணம் வந்தது. தேன் மணம் என்று சொல்வார்கள். எனக்கு நெய்யில் வெல்லம் உருகும்போது வருகிற வாசனை அதில் கலந்திருப்பது போல இருந்தது. வாயில் போட்டால் புளிப்பே இல்லை. மென்று விழுங்கும் வேலையும் அதிகம் இல்லை, நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவிலேயே கரைந்துவிடுகிறது. பல் முளைக்காத குழந்தைக்கு ஏன் இதைக் கொடுக்கிறார்கள் என்று அந்த ஒரு வாயில் தெரிந்தது.

கிலோ 90 ரூபாய் சொன்னார். பேரம் பேசத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் வாங்கிவிடுகிற வேகத்தில் நன்றாகப் பழுத்த ஒன்றரைக் கிலோவைக் கையில் எடுத்தேன். "எந்த ஊருக்கு?" என்றார். சென்னை என்றதும் தலையை ஆட்டினார். "இது நாளைக்கு வரைக்கும் நிக்கும். அதுக்கு மேல நிக்காது மக்ளே. தூரத்துக்குன்னா வெளஞ்ச காயா எடுங்க." அவர் சொன்னதைக் கேட்டுவிட்டும் பழுத்ததையே வாங்கினேன். அந்த மணத்தைக் கீழே வைக்க மனம் வரவில்லை. அதன் பலன் என்ன ஆனது என்று பிறகு சொல்கிறேன்.

அங்கிருந்து திருவட்டாறு பேருந்து. தக்கலை, அழகியமண்டபம் வழியாகப் போகிறது. தக்கலை தாண்டியதும் இரு பக்கமும் ரப்பர் மரங்கள், ஒவ்வொன்றிலும் பால் வடிகிற சிரட்டை. நடுநடுவே வாழை. ரப்பர்க் கன்று நட்ட முதல் சில வருடங்கள் வெயில் தரையில் விழும், அந்தக் காலத்துக்குள் ஊடுபயிராக வாழை வைத்து எடுத்துவிடுவார்கள். ரப்பர் கிளை விரித்து நிழல் கட்டிவிட்டால் வாழைக்கு அங்கே இடமில்லை.

அத்தைக்குத் தம்பி முறையாகும் ஒரு மாமா ஆதிகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறார். முன்கூட்டியே போனில் சொல்லியிருந்தேன். வாசலிலேயே குடையோடு நின்றிருந்தார். வீட்டுக்குப் பின்னால் மரச்சீனிக்கும் தென்னைக்கும் நடுவில் பன்னிரண்டு மூடு மட்டி. மூடு என்றுதான் அங்கே வாழையை எண்ணுகிறார்கள். மரம் ஒல்லியாக, ஏத்தன் அளவுக்குப் பருமன் இல்லாமல் இருக்கிறது. குலையும் சிறியது. வாழை ஆராய்ச்சியாளர்கள் இதை இரட்டைக் குரோமோசோம் தொகுதி கொண்ட வகையில் வைக்கிறார்கள். நாம் அன்றாடம் சாப்பிடும் பூவன், நேந்திரன், செவ்வாழை போன்றவற்றில் மூன்று தொகுதி உண்டு. பொதுவாக இரட்டைத் தொகுதி வாழைகள் அவ்வளவு வாட்டசாட்டமாக வளர்வதில்லை, குலையும் எடை குறைவு. மாமாவுக்கு அந்தக் கணக்கு தேவைப்படவில்லை. "மட்டிய வச்சா தூக்கம் கெடும். காத்து கொஞ்சம் பலமா அடிச்சா ஊணு குடுத்து நிறுத்தணும். குலை வந்தா வவ்வால் வரும். ஓணத்துக்கு ஏத்தன் போட்டா நாலு காசு பாக்கலாம். மட்டிய நாங்க வீட்டுக்கு வைக்கது."

ஓணம் பற்றி அவர் சொன்னது பயணம் திட்டமிடுகிறவர்களுக்கும் உதவும். ஆவணியில் ஓணம் நெருங்கினால் கேரள வியாபாரிகள் வந்து குலைகளை அள்ளிக்கொண்டு போவார்கள். அந்த இரண்டு வாரம் எந்த வாழைக்கும் விலை ஏறிவிடும். பழம் ருசிக்கப் போகிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது.

மட்டியிலேயே செம்மட்டி, தேன்மட்டி, மலைமட்டி என்று உள்வகைகள் இருக்கின்றன. மாமாவிடம் இருந்தது ஒரே வகை, அதை அவர் வெறும் மட்டி என்றே சொன்னார். கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கல்குளம், விளவங்கோடு, திருவட்டாறு வட்டாரங்களின் மண்ணும் இரண்டு பருவமழையும் சேர்ந்துதான் இந்த மணத்தைக் கொடுக்கின்றன என்பது அதன் அடிப்படை. குறியீட்டுச் சான்றிதழை நான் பார்த்ததில்லை. ஆனால் மாமா சொன்ன ஒரு விஷயம் எனக்குப் போதுமானதாக இருந்தது. 1985-ல் அத்தை பிரசவத்துக்கு ஊருக்கு வந்து திரும்பும்போது, இவர்தான் இரண்டு மட்டிக் கன்றுகளைச் சாக்கில் கட்டி ரயிலில் ஏற்றிவிட்டாராம். சென்னை வீட்டுப் பின்கட்டில் அத்தை அதை நட்டு, கிணற்றுத் தண்ணீர் இறைத்து ஊற்றி வளர்த்திருக்கிறார். ஒன்று பட்டுப்போனது. இன்னொன்று குலை தள்ளியது. பழுத்தது. சாப்பிட்டார்கள். இனிப்பு இருந்தது, மணம் இல்லை. அத்தை இதை எங்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. தோட்டத்தில் நின்று இதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

மதியம் அவர் வீட்டில் சாப்பாடு, மாலையில் புட்டு. அந்தப் புட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சம்பா அரிசி மாவில் தேங்காய்ப்பூ அடுக்கி வெந்த புட்டு, அவித்த சிறுபயறு, சுட்ட பப்படம், மூன்று மட்டிப் பழம். பழத்தைத் தனியாகக் கடித்துக்கொள்வது என்று நினைத்து நான் ஆரம்பித்தேன். மாமி தடுத்தார். பழத்தை உரித்துப் புட்டின் மேல் போட்டு, பப்படத்தை நொறுக்கி, பயறையும் சேர்த்து ஒரே பிசை. பெரிய பழமாக இருந்தால் இப்படிப் பிசையும்போது கட்டி கட்டியாக நிற்கும், கொஞ்சம் கொழகொழப்பும் வரும். மட்டி உதிரிப் புட்டில் முழுதாகக் கலந்து மறைந்துவிடுகிறது. எங்கே பழம் என்று தெரியாது, ஆனால் ஒவ்வொரு உருண்டையிலும் மணம் இருக்கும். பயறின் உப்பும் பப்படத்தின் மொறுமொறுப்பும் அந்த இனிப்பைத் திகட்ட விடாமல் பிடித்து வைக்கின்றன. நான் இரண்டாவது குழல் புட்டும் வாங்கிச் சாப்பிட்டேன். அந்தப் பக்கம் சொந்தக்காரர் வீடு இல்லாதவர்களும் கவலைப்பட வேண்டாம். நாகர்கோவிலிலும் தக்கலையிலும் காலை நேரத்துச் சிறிய சாப்பாட்டுக் கடைகளில் புட்டு, பயறு, பப்படம், பழம் கிடைக்கும். பெரும்பாலும் பாளையங்கோட்டன் தருவார்கள். பக்கத்துக் கடையில் மட்டி நான்கு வாங்கிக்கொண்டு போய் உட்காருங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

மாமா பழம் பழுக்க வைக்கும் முறையையும் காட்டினார். மட்டியை மரத்திலேயே பழுக்க விடுவதில்லை. மெல்லிய தோல் வெடித்துவிடும், மிச்சத்தை வவ்வாலும் அணிலும் பார்த்துக்கொள்ளும். காயின் விளிம்புகளைத் தடவிப் பார்க்கிறார். இளம் காயில் அந்த விளிம்பு கூர்மையாக விரலில் படும். விளைய விளைய மழுங்கி, காய் உருண்டையாகிவிடும். அந்தப் பருவத்தில் வெட்டி, சமையல்கட்டுக்குப் பக்கத்து இருட்டறையில் தொங்கவிட்டு, வாழைச்சருகால் மூடிவிடுகிறார். மூன்று நான்கு நாளில் மேல் சீப்பிலிருந்து நிறம் மாறத் தொடங்கும். முன்பெல்லாம் குழியில் வைத்துப் புகை போடுவார்களாம். கடையில் வாங்கும்போது பழம் பளிச்சென்று ஒரே மஞ்சளாக இருந்து காம்பு மட்டும் பச்சையாக நின்றால் யோசித்து வாங்குங்கள். கார்பைட் கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. ஆனாலும் அவசரப் பழம் எங்கும் இருக்கத்தான் செய்கிறது. இயல்பாகப் பழுத்த மட்டியில் நிறம் சீராக இருக்காது, ஒரே சீப்பில் ஒரு பழம் முந்தும், ஒன்று பிந்தும்.

கிளம்பும்போது அவர் எனக்காக நான்கு சீப்பு வெட்டித் தந்தார். மூன்று நன்றாக விளைந்தவை. நான்காவது கொஞ்சம் இளசு. "இது பழுக்கும், மணக்காது. எண்ணிக்கைக்கு வச்சுக்க" என்று சொல்லியே தந்தார். வெட்டிய இடத்தில் கறை வடியும். அதைத் துடைத்து, அரை மணி நேரம் கவிழ்த்து வைத்து உலர்த்திய பிறகுதான் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் கறை காயில் பட்டுக் கறுப்பாகும். துணியில் பட்டால் போகவே போகாது. ஒவ்வொரு சீப்பையும் செய்தித்தாளில் தளர்வாகச் சுற்றி, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில், மேலே எதுவும் வைக்காமல் அடுக்கித் தந்தார். ஞாயிறு மாலை நாகர்கோவில் சந்திப்பில் ரயில் ஏறும் முன் அரைக் கிலோ ஏத்தங்காய் சிப்ஸும் வாங்கிக்கொண்டேன், தேங்காய் எண்ணெயில் அப்போதுதான் பொரித்துக் கொட்டிய சூட்டோடு.

அப்புறம், சந்தையில் வாங்கிய அந்தப் பழுத்த ஒன்றரைக் கிலோ. சனிக்கிழமை வாங்கியதை பிளாஸ்டிக் பையிலேயே வைத்திருந்தேன். திங்கள் காலை எழும்பூரில் இறங்கும்போது காம்பிலிருந்து எல்லாப் பழமும் உதிர்ந்து, பையில் தண்ணீர் விட்டு, பாதிக்கு மேல் கூழாகிவிட்டது. மீந்ததை வீட்டுக்கு வந்ததும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். அதுவும் தவறு. சுமார் 13 டிகிரிக்குக் கீழே வாழை தாங்காது, தோல் கறுத்துவிடும். மறுநாள் திறந்தால் கரித்துண்டு போல் இருந்தன. உள்ளே சதை கெடவில்லை என்றாலும் மணம் போய்விட்டிருந்தது. பழுத்த மட்டியை அந்த ஊரிலேயே, அன்றே சாப்பிட்டுவிட வேண்டும். தூரத்துக்கு எடுத்துப் போக விளிம்பு மழுங்கிய காய்தான். அந்த அம்மா சொன்னதைக் கேட்டிருந்தால் அத்தனை பழம் வீணாகியிருக்காது.

மாமா கொடுத்த சீப்புகளை அத்தை பூஜை அறை மூலையில் சாக்குக்கு அடியில் வைத்தார். ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்தார். செவ்வாய் மாலை நான் வேலையிலிருந்து வந்து கதவைத் திறந்ததும் வீட்டுக்குள் அந்த வாசனை இருந்தது. அத்தை ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

முதல் பழம் குழந்தைக்குத்தான். மசிக்கக்கூட இல்லை, அத்தை விரலால் கிள்ளிக் கிள்ளி ஊட்டினார். என் மகள் மூன்று பழம் தின்றுவிட்டு நான்காவதற்கு வாயைத் திறந்தாள். அதற்குப் பிறகுதான் அத்தை தனக்கு ஒன்றை எடுத்தார். உரித்த தோலை உடனே போடாமல் முந்தானை நுனியில் வைத்து முடிந்துகொண்டார். இளசாகக் கொடுத்த நான்காவது சீப்பு வெள்ளிக்கிழமை பழுத்தது. மாமா சொன்னது போலவே இனிப்பு மட்டும் இருந்தது. அதைப் பழப் பணியாரமாகச் சுட்டோம்.

இந்த வருடம் எல்லோருமாகப் போகலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். 2024 ஆகஸ்டிலிருந்து சென்னைக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே பகலில் வந்தே பாரத் ஓடுகிறது. உட்கார்ந்தே போய்விடலாம், மேல் படுக்கை, கீழ்ப் படுக்கை என்ற சிரமம் அத்தையின் முழங்காலுக்கு இல்லை. ஓணத்துக்கு முன்பே திரும்பிவிடுவது போல நாள் பார்த்தோம். டிக்கெட் எடுத்த விவரத்தைச் சொன்னபோது அத்தை தேதியைக்கூடக் கேட்கவில்லை. போனை என் கையில் கொடுத்தார்.

"மாமாவுக்குப் போடு. நாலு நாளு முந்தியே ஒரு குலை வெட்டித் தொங்கவிடச் சொல்லு. நாம போய் எறங்கும்போ பழுத்திருக்கணும்."